யோசனைத் துரை

தாய்லாந்து தேசத்தின் வடகிழக்கே, மேகோங் நதி அந்தத் தேசத்துக்கும் லாவோஸுக்கும் நடுவே எல்லையாக ஓடுகிற இடத்தில், நோங்காய் என்றோர் ஊர் உண்டு. பாங்காக்கில் இரவு ரயில் ஏறிப் படுத்தால் விடியற்காலையில் அங்கே இறங்கலாம். நதிக்கரையோரமாக நெடுக ஒரு நடைபாதை. அதை ஒட்டி தா சதேத் என்ற கடைத்தெரு. வியட்நாமிலிருந்து வந்து குடியேறியவர்களின் புண்ணியத்தில், வாட்டிய பன்றி இறைச்சியைக் கீரையோடு சேர்த்து அரிசித் தாளில் சுருட்டித் தின்னும் பழக்கம். 1847இல் நதிக்குள் சரிந்து விழுந்து, இன்றைக்கும் நீர் வற்றுகிற மாதங்களில் தலைகாட்டுகிற ஒரு பழைய ஸ்தூபி. ஏறக்குறைய இவ்வளவுதான் ஊரின் விசேஷங்கள். வருகிறவர்கள் இரண்டொரு நாளில் பார்த்து முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். போகாமல் தங்கிவிட்ட ஒருவரைப் பற்றியே இங்கே சொல்லப் போகிறேன். ஆனால் தங்கிவிட்டவர் என்று அவர் காதுபட யாரும் சொல்லிவிடக் கூடாது. அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அவரை ஒரு தனி மனிதராக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் ஓர் இனம். லோயி, நக்கோன் பனோம், பிரே, திராங் என்று உல்லாசப் பிரயாணிகள் கூட்டம் கூட்டமாய் வந்து இறங்காத எந்தத் தாய்லாந்துச் சிற்றூருக்குப் போனாலும், அரைக்கால் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியுமாய், தோளில் ஒரு துணிப்பையும் பைக்குள் ஒரு நோட்டுப் புத்தகமுமாய், காப்பிக் கடையில் மின்விசிறிக்கு நேரே கிடக்கும் நாற்காலியைப் பிதுரார்ஜித சொத்துப்போல அனுபவித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதைக் காணலாம். ஓர் ஊரில் அவர் இங்கிலாந்திலே தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவராக இருப்பார். இன்னோர் ஊரில் ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், அல்லது ஆஸ்திரேலியாவில் குழாய் வேலை செய்தவர். வயது அறுபதை ஒட்டியது. மனைவி காலமாகியிருப்பாள், அல்லது வக்கீல்கள் முன்னிலையில் பிரிந்து போயிருப்பாள். தாய்லாந்துப் பெண்ணை மணந்து அவளுடைய கிராமத்துக்கு வந்து சேர்கிற வெள்ளைக்காரர்கள் வேறு வகுப்பு. அங்கே இருப்பதா வேண்டாமா என்று விசாரம் செய்கிற பாத்தியதை அவர்களுக்கு மாமியார் வீட்டு முதல் விருந்திலேயே பறிமுதலாகிவிடுகிறது. நம்மவர் தனிக்கட்டை. ஆகையால் அவருடைய யோசனையைத் தடுப்பார் இல்லை. யோசனைத் துரை என்று அவரை அழைத்துக்கொள்வோம்.

துரை முதன்முதலில் நோங்காயில் வந்து இறங்கியது மார்கழி மாதத்தில். நதியிலிருந்து குளிர்ந்த காற்று வீசிற்று, ஊர்ஜனங்கள் கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்கி நடந்தார்கள், துரை மெல்லிய சட்டையோடு கரையில் நின்று, மூச்சை இழுத்துவிட்டு, “இதுவல்லவா ஊர்!” என்றார். ஆயினும் தீர்க்காலோசனை உள்ளவரானபடியால், குளிர்காலத்தை மாத்திரம் பார்த்து ஓர் ஊரைப் பற்றி அபிப்பிராயம் கொள்வது தகாது என்று தமக்குத் தாமே புத்தி சொல்லிக்கொண்டு, கோடையையும் பார்த்துவிடுவதற்காக ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தார். கோடைக்கு முன்னோடியாகக் கரும்புத் தோட்டங்களிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் வைத்த நெருப்பின் புகை வந்தது. பின்னர் வெயில் வந்து நாற்பது டிகிரியை எட்டிப் பார்த்தது. புத்தாண்டுத் திருநாளான சொங்கிரான் அன்று, தெருவில் கௌரவமாக நடந்துபோன துரையை ஒரு பாட்டியம்மாள் வழிமறித்து, ஐஸ் மிதக்கும் தண்ணீரால் தலையோடு காலாக அபிஷேகம் செய்துவிட்டு, தீர்க்காயுசாக இருக்கும்படி வாழ்த்தியும் அனுப்பினாள். அதன்பின் மழைக்காலம். மேகோங் செந்நிறமாகப் பெருகிப் படித்துறையின் படிகளை ஒவ்வொன்றாக மூழ்கடித்தது. பௌத்த பிக்ஷுக்களின் மழைக்கால விரதம் முடிகிற பௌர்ணமி இரவில், நதியின் அடியில் வசிக்கும் நாகம் உமிழ்வதாக ஜனங்கள் நம்புகிற செந்நிறத் தீக்கோளங்களைப் பார்ப்பதற்காகக் கரையெல்லாம் தலையாயிற்று. துரையின் நோட்டுப் புத்தகத்தில் தீக்கோளங்களைப் பற்றி ஒரு வரியும், வண்டி நெரிசலைப் பற்றி ஒரு பக்கமும் இருக்கின்றன.

இவ்வாறு மூன்று பருவங்களும் கழிந்து, முடிவைச் சொல்லவேண்டிய வேளை நெருங்கியபோது, தாம் கண்ட வருஷம் மற்ற வருஷங்களைப் போன்றதுதானா, அல்லது விதிவிலக்கானதா என்ற சந்தேகம் அவரைப் பிடித்துக்கொண்டது. சந்தேகம் நியாயமானது. அதைத் தீர்க்க இரண்டாவது வருஷம் தேவைப்பட்டது. இரண்டு வருஷங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எனவே மத்தியஸ்தம் செய்ய மூன்றாவது வருஷம் வேண்டியதாயிற்று.

நம் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்று, காப்பியும் குடித்து, பெண்ணைப் பாடச் சொல்லிக் கேட்டபிறகு, “ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்” என்று எழுந்துவிடுவார்கள். எழுந்துவிடுவார்கள் என்பதுதான் அந்தச் சடங்கில் பெண் வீட்டாருக்கு இருந்த ஒரே நிம்மதி. துரையோ ஊரைப் பெண் பார்க்க வந்து, வருஷக்கணக்காகக் கூடத்தில் உட்கார்ந்து சொஜ்ஜி தின்றுகொண்டே இருக்கிறார். கடிதமும் போடவில்லை, ஊருக்கும் போகவில்லை. பெண் வீட்டார் இதற்குள் அவரையும் குடும்பத்தில் ஒருவராகக் கணக்குப் பண்ணி இலை போடத் தொடங்கிவிட்டார்கள் என்பதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

அந்த நோட்டுப் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன். இடது பக்கம் சாதகங்கள். வலது பக்கம் பாதகங்கள். நடுவே அடிமட்டம் வைத்துப் போட்ட கோடு. ‘பெரிய தனியார் ஆஸ்பத்திரி உதோன் தானியில், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்’ என்பது பாதகத்தில் இருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே, ‘மாரடைப்புக்குத் தூரம், பல்வலிக்குத் தூரமில்லை’ என்று பொடி எழுத்தில் ஒரு வியாக்கியானம். காலை வேளையில் கிராமத் தலைவர் ஒலிபெருக்கியில் செய்கிற அறிவிப்புகள் இரண்டு பக்கத்திலும் காணப்படுகின்றன: தூக்கம் கெடுவதால் பாதகம், என்றைக்கு மின்சாரம் நிற்கும் என்பதைச் சொல்வதால் சாதகம். சொல்லுகிற பாஷை துரைக்குப் புரியாது என்பது வேறு விஷயம். எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது ‘தெருமுனைப் பழுப்பு நாய்’ என்ற குறிப்புத்தான். முதலில் அது பாதகங்களில் மூன்றாவதாக, அடிக்கோடிட்டு எழுதப்பட்டிருந்தது. பிற்பாடு வேறு மையினால் அடித்துவிட்டு, பக்கத்தைக் குறுக்கே கடந்து ஓர் அம்புக்குறி அதைச் சாதகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. நாய் மனம் திருந்திவிட்டதா, துரை பிஸ்கோத்துப் போட ஆரம்பித்துவிட்டாரா என்பதற்குக் குறிப்பில் ஆதாரம் இல்லை.

தாய்லாந்துச் சட்டத்தை இயற்றியவர்கள் இந்த இனத்தின் சுபாவத்தை ஊன்றிக் கவனித்த பிறகே எழுதுகோலை எடுத்திருக்க வேண்டும் என்பது என்னுடைய துணிபு. ஐம்பது வயது நிரம்பிய ஓர் அந்நியர், ஓய்வுக்காலத்தைக் கழிப்பதற்காக வந்திருப்பதாகச் சொல்லி, உள்ளூர்ப் பாங்கியில் 8 லட்சம் பாட் போட்டுக் காட்டினால், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் வருவதை ருசுப்படுத்தினால், ஒரு வருஷம் இருக்கலாம். ஒரே ஒரு வருஷம். அடுத்த வருஷம் மறுபடியும் அதே 8 லட்சம், அதே விண்ணப்பம், அதே 1,900 பாட் கட்டணம். பணம் விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே பாங்கியில் இருந்தாகவேண்டும். அனுமதி கிடைத்து மூன்று மாதம் வரையில் அதைத் தொடக் கூடாது. அப்புறம் தொட்டாலும் 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. இப்படி எத்தனை வருஷம் இருந்தாலும், ‘நீ இனி இந்த ஊர்க்காரன்’ என்று அந்த வருஷாந்திர முத்திரை ஒருபோதும் சொல்லாது. ‘இன்னும் ஒரு வருஷம் இருந்து பார்’ என்றுதான் சொல்லும். துரைக்கு வேண்டியதும் அதுவே. பக்கத்து நாட்டுத் தலைநகரமான வியந்தியானுக்குப் போய் விசா வாங்கி வந்த அந்தப் பழைய நாட்களைவிட இது அவருக்கு எவ்வளவோ மேலாகத் தோன்றுகிறது. 1994இல் ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் பணத்தில் கட்டித் திறந்த நட்புறவுப் பாலத்தின் வழியே போகவேண்டும். தாய்லாந்தில் வண்டிகள் இடப்பக்கம், லாவோஸில் வலப்பக்கம். எத்தனையோ லாரிக்காரர்கள் அரை நிமிஷத்தில் பக்கம் மாறிக்கொண்டு போவதைத் துரை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அவர்களுடைய அவசர புத்தியைக் கண்டு அவர் ஆச்சரியப்பட்டதுண்டு.

விண்ணப்பம் போடுகிற நாளில் அவரைப் பார்க்கவேண்டும்! விடிந்ததும் குளித்து, பெட்டி போட்ட முழுக்கால் சட்டை அணிந்து, பாங்கி திறக்கிற நேரத்துக்கு வாசலில் நின்று, கணக்குப் புத்தகத்தில் அன்றைய தேதி விழவேண்டும் என்பதற்காகவே 100 பாட் போட்டு வரவு வைத்துக்கொள்கிறார். பாஸ்போர்ட்டின் பக்கங்களையெல்லாம் பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் நீல மையினால் கையெழுத்து இடுகிறார். வீட்டுக்கு வழி காட்டும் படம் வேண்டுமென்று சில அலுவலகங்களில் கேட்பார்கள். துரை அதைக் கேட்காமலேயே வரைந்து வைத்திருக்கிறார். நதி ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம், பிரம்மாண்டமான மருத மரம், பழுப்பு நாய் படுக்கிற மூலை, அதைத் தாண்டி மூன்றாவது வீடு. வீட்டின்மேல் தெளிவான எழுத்தில் தம் பெயர். வாசலில் வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் தாம் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் வேறு. இவ்வளவையும் அதிகாரியின் மேஜைமீது அடுக்கி, வணங்கி, முத்திரையைப் பெற்றுக்கொண்டு, நேரே காப்பிக் கடைக்கு வந்து, மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து, “இங்கேயே இருந்துவிடுவதென்று நான் இன்னும் நிச்சயம் செய்யவில்லை, பாருங்கள்” என்று ஆரம்பிப்பார். இது போதாதென்று, 90 நாளுக்கு ஒரு தரம், தாம் எங்கே வசிக்கிறார் என்பதை அரசாங்கத்துக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்கவேண்டிய கடமையும் அவருக்கு உண்டு. அந்தப் படிவத்தில் வசிக்குமிடம் என்ற கட்டத்தை அவர் ஒரு கணமும் தயங்காமல் நிரப்புகிறார் என்பதற்கு நான் சாட்சி.

நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் பொழுது போவதே தெரியாது. அந்நியர்கள் தாய்லாந்தில் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் கட்டடமானால், மொத்தப் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேற்படாமல் அந்நியர்கள் வாங்கலாம். மற்றபடி முப்பது வருஷக் குத்தகை. நோங்காயில் துரைக்கு ஒரு சிறு மனையைக் குத்தகைக்குக் கொடுக்க ஒருவர் முன்வந்தார். துரைக்கு அப்போது வயது அறுபத்து நாலு. இரண்டு வாரம் கணக்குப் போட்டார். பிறகு என்னிடம் கவலை தோய்ந்த குரலில், “தொண்ணூற்று நாலாவது வயதில் என்னை வெளியே போகச் சொன்னால் நான் எங்கே போவேன்?” என்று கேட்டார். அடுத்த மாசம் இந்த ஊரில் இருப்பாரா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத மனிதருக்குத் தொண்ணூற்று நாலாவது வயதைப் பற்றி இவ்வளவு திட்டமான வியாகூலம்! குத்தகை நடக்கவில்லை. மனைக்காரர் அந்த இடத்தில் வாழை வைத்தார். அது இரண்டு முறை குலை தள்ளிவிட்டது.

தாய் மொழியை அவர் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. மெய்யெழுத்துக்களே நாற்பத்து நாலு. ஐந்து விதமான ஸ்வரபேதம். குரலின் ஏற்ற இறக்கம் சிறிது பிசகினால் குதிரை நாயாகிவிடும். இருக்கப் போகிற ஊரானால் சிரமப்பட்டுப் படிக்கலாம். போய்விடப் போகிற ஊரானால் படித்தது வீண். ஆகவே முதலில் தீர்மானம், பிறகு பாஷை. பாஷை தெரியாததால் ஊரை முழுதும் அறிந்துகொள்ள முடியவில்லை. ஊரை அறியாததால் தீர்மானத்துக்கு வர முடியவில்லை. இந்த வட்டத்துக்குள் அவர் சௌக்கியமாக இருக்கிறார். எண்களும், ‘காரம் வேண்டாம்’ என்பதும் மட்டும் நன்றாக வரும். அப்படிச் சொல்லி வாங்கிய பப்பாளிக்காய்ச் சோம்தாமில் நாலே நாலு மிளகாய்தான் இடித்துப் போட்டிருந்தார்கள் என்று கண்ணில் நீர் வழியப் பெருமை பேசுவார்.

அந்த ஊரில் வழியில் எதிர்ப்படுகிறவர்கள் “சாப்பிட்டாயிற்றா?” என்பார்கள், அல்லது “எங்கே போகிறீர்கள்?” என்பார்கள். நம் ஊரில் வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் சகுனத் தடை என்று திரும்பி உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவோம். அங்கே அது வெறும் குசலப்பிரச்னம். “அப்படியே” என்று கையை வீசிவிட்டு நடக்கலாம். துரையோ அந்தக் கேள்வியை ஒவ்வொரு நாளும் அதன் முழு கனத்தோடு வாங்கிக்கொள்வார். மீன்காரி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மஞ்சள் துணி உடுத்த இளம் பிக்ஷு, யார் கேட்டாலும் நின்று, நெற்றியைச் சுருக்கி, “இன்னும் தெரியவில்லை” என்று இங்கிலீஷில் உண்மையைச் சொல்வார். அவர்களுக்குப் புரியாது, மகிழ்ச்சியோடு சிரித்துவிட்டுப் போவார்கள்.

அவருடைய சொந்த ஊரிலோ, ஒருவேளை திரும்பி வந்தால் வேண்டியிருக்குமே என்று, ஒரு பழைய சோபாவையும், புல் வெட்டும் யந்திரத்தையும், பதினாறு பெட்டி சாமான்களையும் ஒரு கிடங்கில் பூட்டி வைத்திருக்கிறார். அந்தக் கிடங்குக்கு அவர் கொடுக்கிற மாத வாடகை, நோங்காயில் அவர் குடியிருக்கும் வீட்டு வாடகையைக் காட்டிலும் சிறிது அதிகம். மகள் தொலைபேசியில், “அப்பா, சோபாவையாவது விற்றுவிடலாமா?” என்று கேட்டால், “அவசரப்படாதே” என்பார்.

ஒருநாள் அவருக்கு நான் நம் பக்கத்துப் பழங்கதை ஒன்றைச் சொன்னேன். அதே தாய்லாந்தின் மேற்குக் கடற்கரையில் தகுவா பா என்ற சிற்றூரில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. நாங்கூருடையான் ஒருவன் அங்கே குளம் தோண்டி, அதற்கு அவனிநாரணம் என்று பெயரிட்டு, மணிக்கிராமத்து வணிகர்களுக்கும் சேனாமுகத்தாருக்கும் அடைக்கலமாக்கினான் என்பது அதில் கண்ட செய்தி. கப்பலை விட்டு இறங்கியவன் எத்தனை பருவம் யோசித்தான் என்பது கல்லில் இல்லை, குளத்தை வெட்டியிருக்கிறான். துரை இதை ஆழ்ந்த கவனத்தோடு கேட்டார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார், மூடினார். கடைசியில், “முதலில் ஒரு குளத்தை வாடகைக்கு எடுத்துப் பார்த்திருக்கலாம்” என்றார்.

புதிதாக வந்து இறங்குகிற வெள்ளைக்காரர்கள் இப்போது அவரிடம்தான் புத்தி கேட்க வருகிறார்கள். அவர்களிடம் அவர் காட்டுகிற அதிகாரம் அலாதியானது. எந்தச் சந்தில் வெள்ளம் தேங்கும், எந்தக் கோயிலில் சாவுச் சடங்கு நாலு நாள் ஒலிபெருக்கியோடு நடக்கும், எந்த மருந்துக்கடைக்காரி நியாயமாய்ப் பேசுவாள், மீகாமன் இல்லாத படகில் ஏன் ஏறக் கூடாது என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கின்றன. நாற்பது வருஷம் அந்த ஊரில் தாசில் பண்ணினவருக்கும் அவ்வளவு தெரிந்திராது. “நீங்கள் இங்கே எத்தனை காலமாக வசிக்கிறீர்கள்?” என்று அவர்கள் வியந்து கேட்டால், துரையின் முகம் சுண்டிவிடும். “நான் இங்கே வசிக்கவில்லை” என்பார்.

வீட்டுக்காரியம்மாளுக்கு இந்த விவகாரம் ஒன்றும் தெரியாது. வாசல் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறாள். துரையை ‘லுங்’ என்று, அதாவது பெரியப்பா முறை வைத்து, அழைப்பாள். துரை அவளைப் ‘பா’ என்பார், அது பெரியம்மா. மழைக்கால விரதம் முடிந்ததும் பிக்ஷுக்களுக்குச் சீவரம் கொடுக்கிற கதின் உற்சவம் வரும். அதற்குக் காணிக்கை சேர்க்க, கமிட்டி அங்கத்தினர்களின் பெயர்களையெல்லாம் வரிசையாக அச்சடித்த உறைகளை வீடு வீடாகக் கொடுப்பார்கள். சென்ற தடவை அம்மாள் கொடுத்த உறையில், தலைமை பிக்ஷு, கிராமத் தலைவர், பள்ளி உபாத்தியாயர், அரிசி மில்காரர் இவர்களுக்குக் கீழே துரையின் பெயரும் தாய் எழுத்தில் அச்சாகியிருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாததால் அம்மாளே விரல் வைத்துக் காட்டினாள். அடுத்த வருஷத்துக் கமிட்டியிலும் பெயர் கொடுத்தாயிற்று என்று, அவளுடைய பேத்தி இங்கிலீஷில் மொழிபெயர்த்தாள்.

துரை பதறிவிட்டார். “பா, அது சரியல்ல. அடுத்த வருஷம் நான் இந்த ஊரில் இருப்பேனா என்பதே நிச்சயமில்லையே!” என்றார்.

பேத்தி அதையும் மொழிபெயர்த்தாள். அம்மாள் தராசிலிருந்த வெங்காயத்தை இறக்கி வைத்துவிட்டுச் சற்று நேரம் அவரை அனுதாபத்தோடு பார்த்தாள். பிறகு கல்லாப் பெட்டிக்கு அடியிலிருந்து இன்னோர் உறையை எடுத்து நீட்டினாள்.

“அப்படியானால் அடுத்த வருஷத்துக் காணிக்கையையும் இப்போதே கொடுத்துவிடுங்கள், லுங்.”